ஸ்டாண்டர்டு ஹெரால்டு ரிம்: 4×98 மாட்டலாமா, 4×100 மாட்டலாமா?

கீழக்கரை_ஹெரால்டு:
வண்டி ரெண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு பழைய கார், 13 இஞ்ச் ஸ்டீல் ரிம். கடற்கரையிலேயே நிற்கிற வண்டி, உப்புக்காற்று ரெண்டு ரிம்மைத் தின்றுவிட்டது. ஒன்றில் நட்டு உட்காரும் ஓட்டையே நீள்வட்டமாகிவிட்டது. டேப் வைத்துப் பார்த்தால் எதிரெதிர் ஓட்டைக்கு 96 என்றும் காட்டுகிறது, 98 என்றும் காட்டுகிறது. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் பழைய ஃபியட் யூனோ ரிம் (4×98, அதாவது 98 மி.மீ. வட்டத்தில் நாலு ஓட்டை) ஏறும் என்கிறார்கள். இன்னொரு கடையில் சான்ட்ரோ ரிம் (4×100) போதும் என்கிறார்கள். நட்டிலும் மூன்றைக் காணவில்லை, எம்10 (10 மி.மீ. மெட்ரிக்) நட்டு வாங்கிப் போடலாமா? அலாய் ஆசையெல்லாம் இல்லை, ஸ்டீலே போதும்.

பாம்பன்_லேத்:
ரெண்டுமே வேண்டாம் காக்கா. ஹெரால்டுக்கு பிசிடி (நட்டு ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்) 4×95.25, அதாவது மூன்றே முக்கால் இஞ்ச். நம் வண்டிக்கு மூலமான இங்கிலாந்து டிரையம்ப் ஹெரால்டு, அதன் சொந்தக்கார வண்டிகளான ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் எல்லாவற்றுக்கும் இதே அளவுதான்.

தேய்ந்த ரிம்மில் அளந்ததால்தான் ரெண்டு கணக்கு வந்திருக்கிறது. வண்டியில், ஸ்டட்டில் (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும், நட்டு ஏறும் புரிக்கம்பி) அளந்து பாருங்கள். துருவை ஒயர் பிரஷால் சுரண்டிவிட்டு, எதிரெதிர் ஸ்டட் இரண்டின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு வெர்னியர் வையுங்கள். பிறகு உள் விளிம்பிலிருந்து உள் விளிம்புக்கு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் பிசிடி. உங்கள் வண்டியில் வெளியே 104.8, உள்ளே 85.7 வாக்கில் வரும். வளைந்த ஸ்டட் இருந்தால் கணக்கு கெடும், அதனால் வேர்ப்பக்கத்தில், பிரேக் டிரம் முகத்தை ஒட்டி அளக்க வேண்டும். இரண்டு ஜோடியையும் அளந்து ஒப்பிடுங்கள். பக்கத்துப் பக்கத்து ஸ்டட்டுக்கு மையத்திலிருந்து மையத்துக்கு 67.35 வரும். 98 ஆக இருந்தால் அது 69.3, 100 ஆக இருந்தால் 70.7.

நல்ல ரிம் கையில் கிடைத்தால், ஒரு ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து எதிர் ஓட்டையின் இடது விளிம்புக்கு அளந்தாலே போதும். மையத்தைத் தேட வேண்டியதில்லை.

உப்புக்காற்று:
யூனோ ரிம் "ஏறும்" என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, ஆபத்தே அதில்தான். ஹெரால்டு ஸ்டட் வெறும் 3/8 இஞ்ச், 9.5 மி.மீ. யூனோ ரிம்மின் ஓட்டை 12 மி.மீ. போல்ட்டுக்கு வெட்டியது. அதனால் மையம் ஒவ்வொரு ஸ்டட்டிலும் கிட்டத்தட்ட 1.4 மி.மீ. தள்ளி நின்றாலும் ரிம் கையாலேயே நுழைந்துவிடும். ஆனால் நட்டின் கூம்பு முகம் ஓட்டையின் கூம்பில் முழுக்க உட்காராது, ஒரு ஓரத்தை மட்டும் கடிக்கும். ஸ்பேனரில் இறுக்கமாகத் தெரியும். ஓட ஓட அந்த ஓரம் நசுங்கி, பிடிப்பு விட்டுப்போய், ஸ்டட் பக்கவாட்டில் வளைந்து வளைந்து வேரில் முறியும். சான்ட்ரோ ரிம்மில் இது இன்னும் மோசம், ஒவ்வொன்றும் 2.4 மி.மீ. தள்ளல்.

இரண்டுமே முன்சக்கர இழுவை வண்டி ரிம். ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) பிளஸ் பக்கம், அதாவது வெளிப்பக்கம் அதிகம், சக்கரம் உள்ளே போய் நிற்கும். ஹெரால்டு 25 அடி வட்டத்தில் திரும்புகிற வண்டி, முன்சக்கரம் அவ்வளவு மடங்கும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் சேசிஸ் பக்கம் உரசும். பின்னால் ஸ்விங் ஆக்சில், சக்கரம் ஆக்சிலோடு சேர்ந்தே மேலும் கீழும் சாயும். ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் உள்பக்கம் மடிந்து தொங்கும். இடைவெளியை வண்டி தரையில் நிற்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

பழைய_திரெட்:
நட்டு விஷயத்தை யாரும் தொடவில்லை. எம்10 போடாதீர்கள். இந்த ஸ்டட் 3/8 யுஎன்எஃப் (இஞ்ச் அளவு நைஸ் புரி), இஞ்சுக்கு 24 புரி, பிட்ச் (புரிக்குப் புரி தூரம்) 1.06 மி.மீ. சாதா எம்10-க்கு 1.5, ஃபைன் எம்10-க்கு 1.25. ரெண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகியது போல நிற்கும். உண்மையில் புரி வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கும். திரெட் கேஜ் (புரி அளக்கும் தகடு) ஒன்று வைத்துக்கொண்டு கேட்டால் கடையில் ஏமாற வாய்ப்பில்லை. நட்டுக்குக் கூம்பு முகம் கட்டாயம், தட்டை நட்டும் வாஷரும் ஆகாது.

எந்த நட்டானாலும் கையால், ஸ்பேனர் இல்லாமல், குறைந்தது ஒன்பது சுற்று ஏற வேண்டும். அதுதான் ஸ்டட் தடிமன் அளவுக்குப் பிடிப்பு. மூடித்தலை குரோம் நட்டு போட்டால் ஸ்டட் நுனி உள்ளே முட்டுகிறதா பாருங்கள். முட்டினால் ரிம்மைப் பிடிக்கும் முன்பே இறுகிவிடும்.

இறுக்கம் சுமார் 40 பவுண்ட்-அடி, 54 நியூட்டன் மீட்டர். இப்போதைய கார்களுக்கு வைக்கிற 90, 100 இதற்கு ஆகாது. பஞ்சர் கடையில் ஏர் கன்னை வைக்க விடாதீர்கள், 3/8 ஸ்டட் நீண்டுவிடும்.

கீழக்கரை_ஹெரால்டு:
அளந்தேன், 104.7-ம் 85.8-ம். அப்போ 95.25-தான். அந்த அளவில் ரிம் கிடைக்காவிட்டால், 4×100 ரிம் மாட்ட ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் அடாப்டர் தட்டு கடையலாமா?

பாம்பன்_லேத்:
கடையலாம், போடக்கூடாது. 95.25-ம் 100-ம் இவ்வளவு நெருக்கம் என்பதால் ஒரு வட்டத்துக்கு மேலேயே இன்னொன்று விழும். தட்டை 45 டிகிரி திருப்பி புது ஸ்டட் வைக்க வேண்டும், தட்டை ஹப்பில் பிடிக்கும் நட்டு உள்ளே அமுங்க 20 மி.மீ. தடிமனாவது வேண்டும். அது சக்கரத்தை ஒவ்வொரு பக்கமும் 20 மி.மீ. வெளியே தள்ளும், பழைய இடத்தைத் தாண்டி வெளியே போனால் முன் பேரிங்குக்குச் சுமை கூடும். அலுமினியத் தட்டு என்றால் நம் ஊர்க் காற்றில் இரும்பு டிரம்மோடு சேர்ந்து வெள்ளைப் பொடி பூத்து ஒட்டிக்கொள்ளும்.

சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் ஹெரால்டு ரிம் கேட்டுப் பாருங்கள். வாங்கும் முன் வண்டி ஹப்பில் மாட்டிச் சுழற்றி, விளிம்பின் ஆட்டம் 1.5 மி.மீ.க்குள் இருக்கிறதா பார்க்க வேண்டும். கிடைக்கவே இல்லையென்றால் உங்கள் ரிம்மில் நடுத்தட்டு நன்றாக இருக்கிற ஒன்றிலிருந்து அதை வெட்டி, வேறு 13 இஞ்ச் வளையத்தில் பழைய ஆஃப்செட்டுக்கே வெல்டு செய்யலாம், வீல் வேலை தெரிந்தவர் கையில் மட்டும். நீள்வட்டமான ஓட்டையை வெல்டில் அடைத்துத் திரும்பத் துளைப்பது வேண்டாம்.

உப்புக்காற்று:
டயருக்கு: ஒரிஜினல் 5.20-13. ரிம் அகலம் 3.5 இஞ்ச்தான் என்றால் 145/80 ஆர்13 சரி, வேகன்-ஆருக்கு வந்த அளவு. 155 வேண்டுமென்றால் 4 இஞ்ச் ரிம் வேண்டும். உள்ளே டியூப் போட்டுவிடுங்கள், துரு தின்ற விளிம்பு காற்றைப் பிடிக்காது.

ஜீப்_தொண்டி:
இதைப் படிக்கிற ஐந்து ஓட்டைக்காரர்களுக்கு: எதிரெதிர் ஓட்டை இல்லாததால், பக்கத்து இரண்டின் மைய தூரத்தை 1.7013 ஆல் பெருக்குங்கள். ஜீப்பில் 82.1 வந்தால் 139.7, அதாவது ஐந்தரை இஞ்ச். பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடப்புரி (வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்) இருக்கும், ஸ்டட் நுனியில் ஆங்கில எல் எழுத்து தெரியும். கழற்றுகிறேன் என்று இறுக்கி உடைக்காதீர்கள்.

பழைய_திரெட்:
மாட்டும்போது ரிம்மும் டிரம்மும் சேரும் முகத்தில் பெயின்ட் தடிப்பாக இருக்கக் கூடாது. அது நசுங்கினால் நட்டு தளரும். துரு பிடிக்காமலிருக்க நடு ஓட்டை ஓரத்தில் மட்டும் மெல்லிசாக கிரீஸ். ஸ்டட்டிலும் நட்டின் கூம்பிலும் படக்கூடாது, பட்டால் ஸ்பேனரில் அதே இறுக்க அளவு வைத்தாலும் அதிகம் இறுகிவிடும். குறுக்கு மறுக்காக இறுக்கி, 50 முதல் 100 கி.மீ.க்குள் மறுபடி பாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போய்த் திரும்பினால் அந்தத் தூரம் ஆகிவிடும். தனுஷ்கோடிப் பக்கம் மணலில் இறங்கினால் அன்றே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஸ்டெப்னி ரிம்மையும் இதே முறையில் அளந்து வையுங்கள், முந்தைய உரிமையாளர் எதை மாட்டிவைத்தாரோ தெரியாது.