நார்னியா ஆகும், ஹாரி பாட்டர் ஆகாதா?

கேள்வி:
பத்து வயதாகும் என் மகள் நார்னியா கதைகளை முடித்துவிட்டு, இப்போது ஹாரி பாட்டரைக் கேட்கிறாள். முன்னதைப் பரிந்துரைத்த ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையே பின்னதைத் தொடக்கூடாது என்கிறார். காரணம் கேட்டால் வேதாகமத்தில் உபாகமம் 18-ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறார். இரண்டிலும் சூனியக்காரிகள் வருகிறார்கள், இரண்டிலும் மந்திரம் பலிக்கிறது. அப்படியிருக்க, இந்தப் பாகுபாட்டுக்கு வேதத்தின்படி அடிப்படை உண்டா, அல்லது நார்னியாவை எழுதிய லூயிஸ் கிறிஸ்தவ விசுவாசி என்பதால் காட்டப்படும் சலுகைதானா?

மறுமொழி 1:
அடிப்படை உண்டு, சகோதரி. குறிசொல்லுகிறவனையும் அஞ்சனம் பார்க்கிறவனையும் அந்த அதிகாரம் பெயர் சொல்லியே விலக்குகிறது. ஹாரி பாட்டரிலோ பளிங்கு உருண்டையைப் பார்த்துக் குறிசொல்வது பள்ளிப் பாடமாகவே இருக்கிறது. பழங்கால எபேசு நகரில் மனந்திரும்பியவர்கள் ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு பெறுமான மாயவித்தைப் புத்தகங்களைச் சுட்டெரித்ததை அப்போஸ்தலர் 19:19-இல் வாசித்துப் பாருங்கள்.

மறுமொழி 2:
எபேசுவில் எரிந்தவை கதைப்புத்தகங்கள் அல்ல, மாயவித்தை செய்தவர்கள் கையாண்ட நூல்கள். 2001 டிசம்பரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோவில் ஒரு சபையார் ஹாரி பாட்டர் நூல்களைத் தீயிலிட்டபோதும் இந்த வேறுபாடுதான் கோட்டைவிடப்பட்டது.

எழுதியவர் விசுவாசியா என்பதைவிட, மந்திரத்தின் மீது கதை குழந்தைக்கு எந்த உணர்வை ஊட்டுகிறது என்றே நான் பார்ப்பேன். 1955-இல் வந்த நார்னியா நூலில், டிகோரி என்ற சிறுவனின் தாய்மாமனும் மந்திரவாதியுமான ஆண்ட்ரூ, தானே போய்ப் பார்க்கத் துணிவில்லாமல், பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் மஞ்சள் மோதிரத்தை நயமாகப் பேசி நீட்டி, அவளை வேறோர் உலகத்துக்கு அனுப்பிவிடுகிறான். திரும்பி வருவதற்கான பச்சை மோதிரத்தைக் கொடுப்பதில்லை. அதைப் படிக்கும் பிள்ளைக்கு மந்திரவாதியின் மீது அருவருப்புத்தான் வரும். ஹாரி பாட்டரில் அந்தத் தெளிவு குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்: குறிசொல்லும் ஆசிரியை பெரும்பாலும் கேலிக்கு ஆளானாலும், அவர் சொன்ன இரண்டு குறிகள் பலித்தே விடுகின்றன. ஆனால், ஏழாம் நூலில் தன் பெற்றோரின் கல்லறைக்கு முன் பனியில் நிற்கும் ஹாரி அங்கே வாசிப்பது 1 கொரிந்தியர் 15:26: "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்." அது வேத வசனம் என்று கதையில் யாரும் சொல்வதில்லை, பக்கத்தில் அமர்ந்து நாம்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கல்லறை வசனம் எனக்குப் புதிய செய்தி. இரவுக்கு ஓர் அத்தியாயமாக அவளோடு சேர்ந்தே வாசிக்க நினைக்கிறேன். அந்தக் குறிசொல்லும் வகுப்பு எந்த நூலில் தொடங்குகிறது?

மறுமொழி 1:
மூன்றாம் நூலில். என் கருத்தில் மாற்றமில்லை. ஆனாலும், வாசிப்பதென்று முடிவு செய்துவிட்டால், அந்த நூலைத் திறக்குமுன் உபாகமத்தின் அந்த அதிகாரத்தை அவளோடு ஒருமுறை வாசித்துவிடுங்கள்.