லுண்ட்பெர்க் வரைந்த முகங்கள் ஏன் ஒன்றுபோல் இருக்கின்றன?

தூரிகை:
ஸ்வீடன் பிரபுக்களின் 18ஆம் நூற்றாண்டு உருவப்படங்களைச் சில வாரங்களாகப் பார்த்து வருகிறேன். குஸ்தாவ் லுண்ட்பெர்க்கின் பாஸ்டல் (உலர்ந்த வண்ணப்பொடிக் கட்டி) படங்களில், வெண்பொடித் தலையும் சிவந்த கன்னமும் இளநகையுமாக எல்லோரும் உடன்பிறந்தவர்கள்போலத் தெரிகிறார்கள். அலெக்சாண்டர் ரோஸ்லினிடமோ முகத்தைவிடப் பட்டுத்துணியே கண்ணை இழுக்கிறது. இது ஓவியர்களின் குறையா, அல்லது வரையச் சொன்னவர்கள் கேட்டதே இதுதானா?

வண்ணக்கட்டி:
லுண்ட்பெர்க்குக்குத் திறமை போதவில்லை என்று சொல்ல முடியாது. பாரிசில் பல ஆண்டுகள் இருந்து, 1720இல் அங்கு வந்த வெனிஸ் ஓவியர் ரொசால்பா கரியேராவின் பாஸ்டல் முறையால் ஈர்க்கப்பட்ட அவர், புராட்டஸ்டண்டாக இருந்தும் 1741இல் பிரெஞ்சு அரச கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டார். அதற்காக அவர் அளித்த பூஷே, நத்துவார் ஆகிய ஓவியர்களின் உருவப்படங்கள் இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பூஷேயின் முகத்தை வேறொருவர் முகத்தோடு குழப்பிக்கொள்ள இயலாது. 1745இல் நாடு திரும்பிய பின் அவர் வரைந்த பிரபுக்களோ, வயதையும் நிறத்தையும் பொடிக்கும் செஞ்சாயத்துக்கும் கீழே மறைத்த பிறகே ஓவியர்முன் அமர்ந்தவர்கள். பாஸ்டலும் பொடிதான். பொடி பூசிய முகத்தைப் பொடியால் வரைந்தால் வேறென்ன கிடைக்கும்?

பட்டுநூல்:
ரோஸ்லினைப் பற்றி மட்டும் ஒரு மறுப்பு. அரசவைப் படத்தில் ஆடை என்பது அலங்காரம் அன்று, பதவிச் சான்று. ஸ்வீடனின் உயரிய அரச விருதான செராஃபிம் விருது 1748இல்தான் நிறுவப்பட்டது என்பதால், அதன் நீலப்பட்டை மார்பில் குறுக்கே ஓடும் படம் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டதே (பட்டையை மட்டும் பின்னாளில் சேர்த்திருக்கலாம் என்ற எச்சரிக்கையுடன்). பதவியைக் காட்ட வேண்டிய தேவை இல்லாதபோது அதே துணியை அவர் எப்படிக் கையாண்டார் என்பதை, தம் மனைவி மரி-சூசன் ஜிரூவை 1768இல் வரைந்த ‘முக்காடிட்ட பெண்’ படத்தில் காணலாம். கறுப்புப் பட்டு பாதி முகத்தை மறைப்பதால் மீதிப் பாதியிலிருந்து கண்ணை எடுக்க முடிவதில்லை. மரி-சூசனும் பாஸ்டல் ஓவியர்தான். 1770இல் அதே பாரிஸ் கலைக்கழகத்தில் உறுப்பினரானார்.

தூரிகை:
இருவருக்கும் நன்றி. பூஷே படத்தைத் தேடிப் பார்த்தேன். லுண்ட்பெர்க்கைப் பற்றி நான் அவசரப்பட்டுவிட்டேன். ஸ்வீடனிலேயே இருந்து வரைந்த பெண் ஓவியர்கள் உண்டா?

வண்ணக்கட்டி:
உல்ரிகா பாஷ் (1735–1796) இருக்கிறார். தம்மைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் லோரன்ஸுடன் 1773இல் ஸ்வீடன் கலைக்கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அண்ணன் வரைந்த படங்கள் சிலவற்றில் ஆடைகளை அவரே தீட்டிக் கொடுத்தார் என்பர். ஆகவே லோரன்ஸ் பாஷின் பட்டுத்துணியைப் பாராட்டும் முன் சற்று யோசியுங்கள்.