நடைபாதைக் குடும்பத்துக்கு எது வீடு? 25 கிலோமீட்டர் தள்ளி ஒதுக்கீடா, பக்கத்தில் வாடகை அறையா?

மாலைவகுப்பு:

சென்னை பாரிமுனைக்குப் பின்னால் ஒரு தெருவில் ஆறு ஆண்டுகளாக நடைபாதைப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிய பிறகுதான் அந்தக் குடும்பங்களுக்கு இடம் கிடைக்கும். தார்ப்பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பார்கள். விடிவதற்குள் எல்லாவற்றையும் சுருட்டிவிட வேண்டும். இவர்கள் நேற்று ஊரிலிருந்து வந்தவர்கள் அல்லர். பாட்டி, அம்மா, மகள் மூவரும் அதே தெருவில் பிறந்த குடும்பங்கள் உண்டு.

என்னிடம் படிக்கும் ஒரு பெண் இப்போது ஏழாம் வகுப்பில் இருக்கிறாள். அம்மா பூ கட்டுகிறார். அப்பா மீன்பாடி வண்டியில் சுமை ஏற்றிப் போகிறார். போன மாதம் அவர்களுக்கு 25 கிலோமீட்டர் தள்ளி, பெரும்பாக்கம் பக்கம் அரசு வீடு ஒதுக்கலாம் என்று பேச்சு வந்தது. "போகட்டுமா டீச்சர்?" என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். அவர்களுக்கு மாத வாடகை பெரிய தடையில்லை. வடசென்னையில் 4,500 ரூபாய்க்கு ஓர் அறை கிடைக்கிறது. அந்த அம்மாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கட்டணக் கழிப்பறை, குளியல், குடிதண்ணீர், சமைக்க முடியாத நாளில் வாங்கும் சாப்பாடு என்று நடைபாதையில் வாழ்வதற்கே அவர்கள் ஏறக்குறைய அந்த வாடகையைச் செலவழிக்கிறார்கள். தடுப்பது அட்வான்ஸ். பத்து மாத வாடகை, அதாவது 45,000 ரூபாய். அதற்குத் தண்டலுக்குத்தான், நாள்தோறும் வசூலிக்கும் கடனுக்குத்தான், போக வேண்டும். 10,000 கடன் என்றால் கையில் 8,500 கொடுப்பார்கள், நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அறைக்குள் போவதற்கு முன்பே குடும்பம் முங்கிவிடும்.

அந்த அட்வான்ஸை யாராவது தாங்கினால் பிழைப்பும் பள்ளியும் அப்படியே இருக்க, குடும்பம் கூரைக்குள் போய்விடும்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:

வணக்கம் அம்மா. அரசு வீட்டுவசதிப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்தத் தாயிடம் "போகாதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டினோம். இன்றும் நகரத்துக்குள் அந்தக் கட்டடங்களைப் பார்க்கலாம். பிறகு நிலத்தின் விலை எங்களைத் தெற்கே தள்ளியது. கண்ணகி நகரில் 2000-லிருந்து 15,000-க்கும் மேல் வீடுகள், பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேல். தூரம் என்பது குறைதான். நான் மறுக்கவில்லை.

ஆனால் வாடகை அறை என்பது பதினொரு மாத ஒப்பந்தம். வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம் என்றாலோ கடன் முற்றினாலோ இவர்கள் மறுபடி தெருவில். ஒதுக்கீட்டு வீடு அந்தத் தாயின் பெயரில் இருக்கும். நாளைக் காலையில் வந்து காலி செய் என்று ஒரு வீட்டுக்காரர் சொல்ல முடியாது. வயதுக்கு வரப்போகும் மகளோடு நடைபாதையில் படுக்கும் தாய்க்கு ஒவ்வோர் இரவும் நெருப்பு. உங்கள் திட்டம் பழுத்து வரும்வரை அவர் எங்கே படுப்பார்?

ஏழாவது மாடி:

கூவம் கரையிலிருந்து மாற்றப்பட்டவள் நான். எந்தக் குடியிருப்பு என்று சொல்ல விரும்பவில்லை.

ஐயா சொல்வது உண்மை. வந்த முதல் இரவு கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். முப்பத்து நான்கு வயதில் முதல்முறையாகக் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தேன். அந்தச் சுகத்தை யாரும் லேசாகப் பேச வேண்டாம்.

அடுத்து நடந்ததையும் கேளுங்கள். நகரத்தில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கினேன். காலை ஆறரைக்குப் போய்ச் சேர வேண்டிய வேலை. இரண்டு பஸ் மாறி எட்டரைக்குத்தான் போக முடிந்தது. இரண்டே வாரத்தில் மூன்று வீடு போய்விட்டது. மகனைப் பத்தாம் வகுப்பின் நடுவில் பள்ளி மாற்றினோம், அவன் தேர்வு எழுதவேயில்லை. லிஃப்ட் ஓடாத நாளில் மாமியாரை நாற்காலியில் வைத்து ஏழு மாடி இறக்கினோம். வேலை கேட்டுப் போகும் இடத்தில் விலாசத்தைச் சொன்னால் முகம் மாறும். என் மகன் இப்போது அத்தை வீட்டு விலாசத்தைத்தான் சொல்கிறான்.

2021-இல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் வந்த பிறகுதான் மறுபடி நகரத்துக்கு வேலைக்குப் போகத் துணிந்தேன். அதற்கு முன் சம்பளத்தில் பாதி டிக்கெட்டுக்கே போகும்.

டீச்சரிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பூக்காரம்மா கட்டும் பூவை யாரிடம் கொடுக்கிறார்? பத்ரியன் தெருவிலிருந்து உதிரிப்பூ வாங்கி அங்கேயே கட்டிக் கொடுப்பவர் என்றால், பெரும்பாக்கத்தில் அந்த வேலை கிடையாது. அதை அவர் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

கணக்கன்:

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். நடைபாதைக் குடும்பங்களும் சில குழுக்களில் இருக்கின்றன. கசப்பானாலும் சொல்லத்தான் வேண்டும். ஒதுக்கீட்டு வீட்டை லீசுக்கு விட்டுவிட்டு மறுபடி பழைய தெருவுக்கே வந்தவர்களை எனக்குத் தெரியும். பணம் ஆறு மாதத்தில் கரைந்தது. பாதி குடியில், மீதி கடனில்.

அதனால் வீடு முதல் படியாக இருக்க முடியாது. முதலில் காப்பகம். உச்ச நீதிமன்றம் 2010-இல் வற்புறுத்திய பிறகு, 2013-இல் தொடங்கிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று விதியே வகுத்தார்கள். அங்கே தங்கி, குழுவில் சேர்ந்து, ஓராண்டு ஒழுங்காகச் சேமித்துக் காட்டட்டும். கணவர் குடியை விடட்டும். அதன் பிறகு வாடகையோ ஒதுக்கீடோ எது கொடுத்தாலும் நிற்கும்.

மாலைவகுப்பு:

கணக்கன் அண்ணா, நான் பார்த்த காப்பகங்களில் ஆண்கள் ஓரிடம், பெண்கள் ஓரிடம். பையன் வளர்ந்துவிட்டால் அம்மாவோடு இருக்க முடியாது. குடும்பமாகத் தங்கும் இடம் அரிது. தெருவில் எதை இழந்தாலும் ஒன்றாகப் படுப்பதை மட்டும் அவர்கள் இழக்கவில்லை. அதையும் பறித்துவிட்டு அதை முதல் படி என்கிறோம்.

சேமிப்பைப் பற்றியும் சொல்கிறேன். இரண்டு மழைக்காலத்தில் இரண்டு முறை அந்தக் குடும்பத்தின் டிரங்குப் பெட்டி திருட்டுப் போனது. குடும்ப அட்டை, மகளின் பிறப்புச் சான்று, சிறுகச் சிறுகச் சேர்த்த 6,000 ரூபாய் எல்லாம் போனது. சேமித்துக் காட்டினால் கதவு தருவோம் என்கிறீர்கள். கதவில்லாத இடத்தில் எதைச் சேமிப்பது?

நியூயார்க்கில் 1992-இலேயே ஓர் அமைப்பு இந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. பின்லாந்து 2008-லிருந்து அதை நாட்டின் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. குடியை விட்டுவிட்டு வா என்ற நிபந்தனை இல்லை. முதலில் ஒருவர் பெயரில் வாடகை ஒப்பந்தம், பிறகு மற்ற உதவிகள். காப்பகங்களையே குடியிருப்புகளாக மாற்றினார்கள். நீண்டகாலமாக வீடற்றிருந்தோர் எண்ணிக்கை அங்கே குறைந்தது. நம் நாட்டில் 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றமே பிழைப்புரிமையை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று சொன்னது. பிழைப்பு இருக்கும் இடத்திலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி வைப்பது எந்த நியாயம்?

ஓய்வுபெற்ற பொறியாளர்:

அந்தத் தீர்ப்பை எல்லோரும் பாதிதான் சொல்கிறார்கள். பிழைப்பு உயிருக்குச் சமம் என்று எழுதிய அதே தீர்ப்பு நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்றும் அனுமதித்தது. மழைக்காலம் முடியும்வரை, அக்டோபர் 31 வரை மட்டும் பொறுக்கச் சொன்னது. நீதிமன்றத்தின் நல்ல வாக்கியம் அந்தத் தாய்க்குக் கூரையாகாது.

பின்லாந்தில் வருமானம் குறைந்தவரின் வாடகையில் பெரும்பகுதியை அரசே உதவித்தொகையாகக் கொடுக்கிறது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. நீங்கள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வண்டி ஓடாது. மூன்று மாதம் வாடகை நின்றால் யார் கட்டுவது? இதற்குப் பதில் இருந்தால் நான் உங்கள் பக்கம் வருகிறேன்.

வியாசை வீட்டுக்காரர்:

வியாசர்பாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விடுபவன் நான். அட்வான்ஸ் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், அதை வாங்குபவன் ஏன் வாங்குகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதிய வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. தெரியும். ஆனாலும் நான் பத்து மாதம் வாங்குகிறேன். ஒருமுறை ஒரு குடும்பம் நான்கு மாத வாடகையும் மின்சாரக் கட்டணமும் பாக்கி வைத்துவிட்டு இரவோடு இரவாகப் போய்விட்டது. அந்த அறைகளைக் கட்ட வாங்கிய கடனுக்கு நான் மாதா மாதம் தவணை கட்டுகிறேன். எனக்கு வேறு சம்பளம் இல்லை.

வேண்டியது பணம்கூட இல்லை. வாடகை நின்றால் போன் செய்ய ஒரு பொறுப்பான ஆள் வேண்டும். அப்படி ஒருவர் கையெழுத்துப் போட்டால் மூன்று மாத அட்வான்ஸ் போதும். இன்னொன்று, அட்வான்ஸ் செலவாகும் பணமில்லை, காலி செய்யும்போது திரும்ப வரும் பணம். அதைக் குடும்பத்திடம் கொடுக்காமல் நீங்களே வீட்டுக்காரரிடம் கட்டி, உங்கள் பெயரிலேயே ரசீது வாங்குங்கள். ஒரு குடும்பம் காலி செய்தால் அதே பணம் அடுத்த குடும்பத்துக்குப் போகும்.

மாலைவகுப்பு:

இது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா. நான் அட்வான்ஸை நன்கொடையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். 4,500-க்கு மூன்று மாதம் என்றால் 13,500. எங்கள் வகுப்புக்கு உதவும் ஆறு பேர் சேர்ந்தாலே முடியும். மழைக்காலத்துக்கு இரண்டு மாத வாடகையைத் தனியே எடுத்துவைத்தால் பொறியாளர் ஐயாவின் கேள்விக்கும் பாதி பதில் கிடைக்கும்.

கணக்கன்:

அந்த மழைக்காலப் பணத்தைத் தாயின் குழுக் கணக்கில் போடுங்கள், கையில் வேண்டாம். கணவர் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. வீட்டுக்குள் போனால் குடி தானாக நின்றுவிடும் என்று நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

ஏழாவது மாடி:

தானாக நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை அண்ணா. என் கணவரும் குடிப்பவர்தான். ஆனால் கதவு இருந்தால் அந்த நேரத்தில் மகளை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட முடிகிறது. தெருவில் அதற்கும் வழியில்லை.

பொறியாளர் ஐயா, வாடகை அறைக்குப் போனால் ஒதுக்கீடு கைவிட்டுப் போய்விடுமா? மகள் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை இங்கே இருந்துவிட்டு அப்புறம் அங்கே போக முடியுமா?

ஓய்வுபெற்ற பொறியாளர்:

வீட்டை வாங்கிக்கொண்டு பூட்டி வைக்க முடியாதம்மா. ஒதுக்கீடு பெற்றவரே குடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தாகும். இன்னும் ஆணை வரவில்லை என்றால் காத்திருக்க முடியுமா என்பது அவர்கள் கையில் இருக்கும் காகிதத்தைப் பார்த்தால்தான் தெரியும். டீச்சர், அதைப் படம் எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மனு எழுத வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன்.

ஒரு குடும்பத்துக்கு அறை கிடைப்பதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் இது கொள்கை ஆகாது. ஆறு பேர் சேர்ந்து ஒரு தெருவைக்கூட முடிக்க முடியாது. அரசு நகரத்துக்குள் வாடகைக் குடியிருப்பு கட்ட வேண்டும். நான் பணியில் இருந்தபோதே கேட்டிருக்க வேண்டியது அது.

வியாசை வீட்டுக்காரர்:

டீச்சர், குடும்பத்தில் எத்தனை பேர்? என் பின்கட்டு அறை ஆனியோடு காலியாகிறது. ஆடியில் யாரும் குடிவர மாட்டார்கள், அதனால் ஆவணி வரை எனக்கு வேறு ஆளும் கிடைக்காது. அறை சின்னது, கழிப்பறை பொது, இன்னொரு குடித்தனத்தோடு பகிர வேண்டும். கையெழுத்து நீங்கள் போட வேண்டும்.

மாலைவகுப்பு:

ஐந்து பேர் அண்ணா. இன்று மாலை அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பெரும்பாக்கத்தில் கிடைப்பது, அங்கே கிடைக்காதது, உங்கள் அறை, பொதுக் கழிப்பறை என்று ஒன்று விடாமல். நெடுநேரம் பூவைத் தொடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு, அந்த அறையிலிருந்து பத்ரியன் தெருவுக்கு விடியற்காலை எத்தனை மணிக்குப் பஸ் இருக்கிறது என்று கேட்டார். ஆடி பார்க்கவில்லையா என்றேன். மழைக்கு முன்னால் உள்ளே போய்விட்டால் போதும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவரையும் மகளையும் அழைத்துக்கொண்டு அறையைப் பார்க்க வரலாமா?