பழவேற்காட்டில் நண்டு பிடித்துச் சமைக்கும் பயணம்

கேள்வி: மே மாதத்தில் குடும்பத்துடன் பழவேற்காடு சென்று, உள்ளூர் மீனவர் ஒருவரின் துணையுடன் ஏரியில் நண்டு பிடித்து, கரையிலேயே சமைத்து உண்ண எண்ணுகிறோம். மீன்பிடித் தடைக்காலம் இதற்கு இடையூறாகுமா?

பதில் 1: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடை, கடலில் தொழில் செய்யும் விசைப்படகுகளுக்கு உரியது, ஏரியில் செல்லும் துடுப்புப் படகை அது கட்டுப்படுத்தாது. வெயில்தான் கடுமை, விடியலிலேயே புறப்படுங்கள்.

பதில் 2: நண்டின் அடிவயிற்று மடல் (அடியில் மடிந்திருக்கும் தகடு) குறுகியிருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். அந்த மடலின் கீழ் முட்டைத்திரள் ஒட்டியிருந்தால், நண்டு எவ்வளவு பெரிதானாலும் நீரிலேயே விட்டுவிடுங்கள். சேற்று நண்டின் கொடுக்கு விரலை நசுக்கிவிடும் என்பதால், கயிற்றால் கட்டும் வேலையை மீனவரிடமே விடுவது நல்லது.

பதில் 3: நண்டைப் பனிக்கட்டியில் வைத்து, அசைவு நின்றபின் ஓட்டைப் பிரித்துச் செவுள்களை நீக்குங்கள், கொடுக்குகளை லேசாகத் தட்டிப் போட்டால்தான் மசாலா உள்ளே இறங்கும். மிளகும் பூண்டும் போதும்; தேங்காய்ப்பால் ஊற்றினால் சதையின் இனிப்பு மறைந்துவிடும் என்பது என் கருத்து, யாழ்ப்பாணத்தார் மன்னிக்க.