கலைச்சொல் முன்மொழிவு: ‘கிரவுண்ட் பிளேன்’ என்பதற்கு ‘மீள்தளம்’

அன்புடையீர், வணக்கம்.

நுண்கட்டுப்படுத்தி (நிரலை இயக்கும் சிறு சில்லு) வைத்த மின்சுற்றுப்பலகை ஒன்றை முதன்முதலாகத் தாமே வடிவமைப்போருக்கான தமிழ்க் கையேட்டில், ‘கிரவுண்ட் பிளேன்’ (மின்னோட்டம் திரும்பி வருவதற்காகப் பலகையின் ஓர் அடுக்கு முழுவதும் பரப்பிவிடும் செம்பு) என்பதற்குத் ‘தரைத்தளம்’ என்னும் சொல்லை ஆளலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டுள்ளது. அதை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு நாள்தோறும் வழங்கும் சொல் அது என்பது ஒரு காரணம். ஆனால் ஒரே சொல் இரு துறைகளில் இரு பொருள் தருவது எம்மொழியிலும் உள்ளதுதான் என்பதால், அதை நான் பெரிதுபடுத்தவில்லை. பலகையின் அடிப்பக்கம் முழுவதும் பரந்து கிடக்கும் அந்தச் செம்பு என்ன வேலை செய்கிறது என்பதைத் ‘தரை’ என்னும் சொல் மறைத்துவிடுகிறது என்பதே என் முதன்மையான மறுப்பு.

மின்னோட்டம் மின்வழங்கியிலிருந்து புறப்பட்டு, வேலையை முடித்து, மீண்டும் மின்வழங்கிக்கே வந்து சேர வேண்டும். புறப்படும் வழியைக் கற்போர் அக்கறையோடு வரைகிறார்கள். திரும்பும் வழிக்கு ஒரு குறியீட்டை மட்டும் இட்டுவிட்டு, அத்துடன் கதை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ‘தரை’ என்றதும், எவ்வளவு மின்னோட்டத்தைக் கொட்டினாலும் உள்வாங்கிக்கொண்டு, எங்கும் ஒரே மட்டத்தில் அசையாமல் நிற்கும் ஏதோ ஒன்று அங்கே இருப்பதாகத் தோன்றுகிறது. அப்படி ஒன்று பலகையில் இல்லை. இருப்பது செம்பு, அதற்கும் மின்தடை உண்டு, அதற்கும் தூண்டல் (மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கும் இயல்பு) உண்டு.

கையேட்டுக்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கோடு சொல்கிறேன். ஏடிமெகா328பி நுண்கட்டுப்படுத்தியையும் எல்எம்35 வெப்ப உணரியையும் கொண்டு, கோழிமுட்டை அடைகாப்புப் பெட்டிக்கான பலகை ஒன்றை ஒருவர் வடிவமைக்கிறார் என்று கொள்வோம். வெப்பம் 37.5 பாகைக்குக் கீழே இறங்கினால் ரிலே என்னும் மின்காந்த சுவிட்ச் மூலம் பல்பை ஏற்ற வேண்டும். உணரியின் திரும்புமுனையும், ரிலேயின் சுருளிலிருந்து மின்னோட்டம் திரும்பும் முனையும், 0.25 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரே செப்புத் தடத்தின் வழியே நுண்கட்டுப்படுத்தியை அடைகின்றன. வழக்கமான 35 மைக்ரான் கனச் செம்பில் அந்தத் தடத்தின் மின்தடை ஏறத்தாழ 0.1 ஓம். ரிலேயும் அதன் அடையாள விளக்கும் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர் எடுத்தால், தடத்தின் இரு முனைகளுக்கும் இடையே 10 மில்லி வோல்ட் எழும். எல்எம்35 பாகைக்கு 10 மில்லி வோல்ட் தரும் உணரி. ஆகவே, ரிலே மூடிய அக்கணமே வெப்பம் ஒரு பாகை ஏறியதாக நுண்கட்டுப்படுத்தி படிக்கிறது. உடனே ரிலேயை விடுவிக்கிறது. விடுவித்ததும் அளவு ஒரு பாகை இறங்குகிறது. மீண்டும் ரிலேயை மூடுகிறது. நிரலில் ஒரு பிழையும் இல்லாமலேயே ரிலே படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். இதைப் பார்த்துத் திகைத்து நிற்கும் மாணவரிடம் “தரை சரியில்லை” என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. “இரண்டு மின்னோட்டங்களும் ஒரே மெல்லிய வழியில் திரும்புகின்றன” என்று சொன்னால், அந்த வழியை அகலமாக்கவோ பிரிக்கவோ வேண்டும் என்பது அவருக்கே தோன்றிவிடும்.

விரைவாக மாறும் மின்னோட்டத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. மெல்லிய தடத்துக்கு மில்லிமீட்டருக்கு ஒரு நானோ ஹென்றி என்று தோராயமாகக் கொள்வது வழக்கம். திரும்பும் தடம் 20 மில்லிமீட்டர் நீளமாக இருந்து, அதில் 50 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் 2 நானோ நொடியில் மாறினால், அரை வோல்ட் எழுகிறது. மேலும், அதிர்வெண் உயர்ந்தால் மின்னோட்டம் குறுக்குவழியாகத் திரும்புவதில்லை. தான் போன தடத்துக்கு நேர் கீழே, அதன் வளைவுகளையே பின்பற்றித் திரும்புகிறது, ஏனெனில் தூண்டல் மிகக் குறைந்த வழி அதுதான். அங்கே செம்பில் ஒரு வெட்டு இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு வர நேரிடும். அந்தச் சுற்று அகல அகல, பலகையே ஒரு வானலை வாங்கியாகவும் பரப்பியாகவும் மாறிவிடும். ஈரடுக்குப் பலகையில் தடங்களை இயன்றவரை மேலேயே ஓட்டி, கீழடுக்கை வெட்டில்லாமல் விட வேண்டும் என்று நாம் எழுதுவது இதனால்தான். தரையில் ஒரு கோடு கிழித்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவருக்கு விடை அந்தச் சொல்லில் இல்லை. திரும்பும் வழியில் பள்ளம் தோண்டாதே என்றால் விளக்கமே வேண்டாம்.

ஆகவே, மீண்டு வரும் மின்னோட்டத்துக்கான தளம் என்னும் பொருளில் ‘மீள்தளம்’ என்பதை முன்மொழிகிறேன். அதே வேரில், ஜிஎன்டி (கிரவுண்ட் என்பதன் சுருக்கம்) என்று குறிக்கப்படும் முனைக்கு ‘மீள்முனை’, திரும்பும் தடத்துக்கு ‘மீள்தடம்’, மேலே சொன்ன அரை வோல்ட் எழுச்சிக்கு ‘மீள்முனைத் துள்ளல்’ என்று சொல்லடுக்கு இயல்பாக வளர்கிறது. ‘தரைத்துள்ளல்’ என்று சொல்லிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

இச்சொல் மூலத்திலிருந்து விலகிப்போவதாக ஒரு தயக்கம் எழலாம். மூலத்தின் வரலாறே இதற்குத் துணை நிற்கிறது. 1830களின் பிற்பகுதியில் செருமானிய இயற்பியலாளர் ஸ்டைன்ஹைல் தந்திச் சோதனை செய்தபோது, இரண்டாவது கம்பியே இல்லாமல் மண்ணின் வழியே மின்னோட்டம் திரும்ப முடியும் என்று கண்டார். மண் அங்கே மெய்யாகவே திரும்பும் வழியாக இருந்தது. பின்னர் மண் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கையடக்க மின்கலத்தில் ஓடும் நம் பலகைக்கும் மண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. செருமானியரும் பிரெஞ்சுக்காரரும் புவியோடு இணைப்பதற்கு ஒரு சொல்லும், சுற்றின் பொதுவான திரும்புமுனைக்கு வேறொரு சொல்லும் வைத்திருக்கிறார்கள். நமக்கும் ‘புவியிணைப்பு’, ‘புவித்தொடுப்பு’ ஆகியவை இருக்கின்றன. அவற்றை வீட்டு மின்கம்பியிணைப்பின் காப்புக்கே விட்டுவைப்பது நல்லது. 230 வோல்ட் புழங்கும் இடத்தில் இவ்விரண்டும் குழம்புவது உயிருக்கே கேடாக முடியலாம்.

வேறு சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். ‘பொதுமுனை’ என்பது ரிலேயின் நடுமுனைக்கும், ஏழுதுண்டு எண்காட்டியின் பொதுவான முனைக்கும் ஏற்கெனவே தேவைப்படுகிறது. ‘சுழிமுனை’ (சுழி, அதாவது பூச்சியம்) அளவிடும்போது பொருத்தமான சொல்தான், வோல்ட்டுகளை எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதை அது சொல்கிறது. ஆயினும் மேலே கண்ட எடுத்துக்காட்டில் சிக்கலே, சுழி என்று நாம் நம்பிய இடம் சுழியாக இல்லை என்பதுதான். ‘நிலத்தளம்’ பழைய குறையையே சுமக்கிறது.

நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய மறுப்பு ஒன்று உண்டு. நான்கடுக்குப் பலகைகளில், தடத்துக்கு அடுத்த அடுக்காக இருப்பது மின்வழங்கு தளமானால், விரைவு மின்னோட்டம் அதன் வழியாகவும் திரும்பும். அப்போது அதுவும் மீள்தளம்தானே என்று கேட்கலாம். கேள்வி சரியானது. பெயர் ஜிஎன்டியோடு சேர்ந்த தளத்துக்கே உரியது என்று வரையறுத்துவிட்டு, மின்வழங்கு தளமும் சில வேளைகளில் இப்பணியைச் செய்யும் என்று ஒரு குறிப்பில் எழுதினால் போதும் என்று கருதுகிறேன். முதல் பலகை செய்பவர் பெரும்பாலும் ஈரடுக்கோடுதான் தொடங்குவார்.

‘மீள்’ என்பது ‘மறுபடியும்’ என்னும் பொருளையும் தருமே என்பது அடுத்த ஐயம். ‘மீள்பதிவு’ என்பதில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் இலங்கையில் பெருவழக்கான ‘மீள்குடியேற்றம்’ என்பதில், போனவர் தம் இடத்துக்குத் திரும்புதல் என்னும் பொருளும் கூடவே ஒலிக்கிறது. ஈழத்து நண்பர்கள் தம் காதுக்கு இது எப்படிப் படுகிறது என்று சொன்னால் பெரிதும் உதவும். முதல் முறை வரும் இடத்தில் ‘மீள்வழித் தளம்’ என்று விரித்தெழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

கையேட்டின் மூன்றாம் இயலில் இச்சொற்கள் இவ்வாறு அமையும்: “28 கால் கொண்ட பெரிய உறையில் வரும் ஏடிமெகா328பியின் 7ஆம் முனை மின்வழங்குமுனை, 8ஆம் முனை மீள்முனை. இரண்டுக்கும் இடையே 100 நானோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றை, முனைகளை ஒட்டியே வையுங்கள். இந்த உறையில், 8ஆம் காலின் துளையே அதைக் கீழடுக்கின் மீள்தளத்தோடு சேர்த்துவிடும். அத்துளையை மீள்தளத்தோடு நான்கு மெல்லிய செப்புப் பட்டைகளால் மட்டும் இணையுங்கள். முழுவதுமாக இணைத்தால் தளம் சூட்டை இழுத்துக்கொள்ளும், ஈயம் சரியாக உருகிப் பிடிக்காது.” இந்தப் பத்தியில் ‘தரை’யைப் போட்டும் ஒரு முறை வாசித்துப் பார்த்துவிட்டு, தங்கள் கருத்தை எழுதுமாறு வேண்டுகிறேன்.