எவலூஷனை நீக்கப் போனால் க்னோமும் சேர்ந்து போகிறதே, என்ன செய்வது?

ரங்கூன்_தம்பி:
வணக்கம். எங்கள் கோயில் தமிழ் வகுப்பு மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ், திரைச்சூழலுக்கு க்னோம் டெஸ்க்டாப். டிஸ்க் நிரம்பிவிட்டது. எவலூஷன் என்ற மெயில் நிரலில் யாரும் மெயில் பார்ப்பதில்லை என்று, நிரல்களை நிறுவி நீக்கும் ஆப்ட் கருவியில் ‘ஆப்ட் ரிமூவ் எவலூஷன்’ கொடுத்தேன். நீக்கும் பட்டியலில் ‘க்னோம்’ என்றும் வருகிறது. ‘இனித் தேவையில்லை, ஆட்டோரிமூவ் கொடுங்கள்’ என்று ஷாட்வெல், ட்ரான்ஸ்மிஷன் எனத் திரை நிறையப் பெயர்கள் வேறு. வேண்டாம் என்று ‘என்’ (N) அடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன். தீமிதிப் படங்களெல்லாம் ஷாட்வெல் என்ற படத் தொகுப்பு நிரலில் இருக்கின்றன. டெஸ்க்டாப் போய்விட்டால் மறுபடி இறக்க டேட்டா கட்டுப்படியாகாது, கரண்டும் பாதியில் போய்விடும்.

மோல்மேன்_அண்ணன்:
நிறுத்தியது நல்லது தம்பி. ‘க்னோம்’ என்ற அந்தப் பொதிக்குள் (பேக்கேஜுக்குள்) நிரல் எதுவும் கிடையாது. மளிகைச் சீட்டு மாதிரி, என்னென்ன வேண்டும் என்ற பட்டியல்தான். அதில் எவலூஷனும் ஒன்று. அதை எடுத்தால் சீட்டு செல்லாது, ஆப்ட் அதையும் நீக்கிவிடும். அந்தச் சீட்டுக்காக வந்த ஷாட்வெல்லுக்கு அப்புறம் ஆதரவு இல்லை. நாமாகக் கேட்டு நிறுவியது எது, துணையாக வந்தது எது என்று ஆப்ட் குறித்து வைத்திருக்கும். துணையாக வந்து, இப்போது யாருக்கும் தேவைப்படாததில்தான் ஆட்டோரிமூவ் கை வைக்கும்.

ஆகவே முதலில் ‘ஆப்ட்-மார்க் மேனுவல் ஷாட்வெல்’. வேண்டிய மற்றவற்றையும் இப்படியே குறித்துவிட்டு எவலூஷனை நீக்குங்கள். ஆனால் ‘எவலூஷன்-டேட்டா-சர்வர்’ பக்கம் போகவே வேண்டாம். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் டெஸ்க்டாப்பின் முக்கியப் பகுதியான க்னோம் ஷெல் அதை நம்பி இருக்கிறது. அதை நீக்கினால் டெஸ்க்டாப் நிஜமாகவே போய்விடும்.

பெகு_அக்கா:
படங்களைப் பற்றிக் கவலை வேண்டாம் தம்பி. அவை உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருப்பவை, பொதியை நீக்கினாலும் ஆப்ட் அவற்றைத் தொடாது. எதைச் செய்யும் முன்பும் ‘--சிமுலேட்’ சேர்த்து ஓட்டிப் பாருங்கள், என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும். இடம்தான் வேண்டுமென்றால் எவலூஷனால் பெரிதாகக் கிடைக்காது. ‘ஆப்ட் கிளீன்’ கொடுங்கள், இறக்கி வைத்த பழைய பொதிக் கோப்புகள் போகும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பழைய பதிப்புகளும் இடத்தை அடைக்கும், அவற்றை எடுப்பதும் ஆட்டோரிமூவ்தான். அதனால் அதை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள்.

ரங்கூன்_தம்பி:
நன்றி அண்ணே, அக்கா. குறித்துவிட்டு சிமுலேட் செய்தேன், ஷாட்வெல் பட்டியலில் இல்லை. ‘லிப்’ என்று தொடங்குபவை மட்டும் நிறைய வருகின்றன. அவற்றையும் குறிக்கணுமா?

மோல்மேன்_அண்ணன்:
வேண்டாம். அவை லைப்ரரிகள், மற்ற நிரல்களுக்குத் துணையாக இருக்கும் கோப்புகள். ஷாட்வெல்லுக்குத் தேவையானவை தானாகவே நிற்கும். பட்டியலில் வருபவை யாருக்கும் தேவைப்படாதவை. குறித்து வைத்தால் எப்போதும் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். சரி என்று ‘ஒய்’ (Y) அடிக்கலாம், கரண்ட் இருக்கும்போது.