அப்கீப்: ‘பராமரிப்பு’ வேண்டாம், ‘பிடித்தம்’ வைக்கலாம்

அன்புள்ள குழுவினருக்கு,

ஃப்ரீசிவ் ஆட்டத்துக்குத் தமிழில் ஒரு தொடக்கநிலைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர் தொடங்கி, 1996 ஜனவரியில் முதல் பதிப்பை வெளியிட்ட கட்டற்ற கணினி ஆட்டம் இது; ஊர்களை அமைத்து, படை திரட்டி, ஆராய்ச்சி செய்து ஒரு நாட்டை வளர்ப்பதுதான் ஆட்டம். காசு கொடுக்க வேண்டியதில்லை, பழைய கணினியிலும் ஓடும். அதனால் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டுபோக ஏற்றது. போர் பற்றிய பகுதிகள் சுலபமாக வந்துவிட்டன. பொருளாதாரமும் ஆராய்ச்சியும் வரும் இடத்தில்தான் கலைச்சொல் இடறுகிறது. அதிலும் அப்கீப் (upkeep): வைத்திருக்கும் படைக்கும் கட்டடத்துக்கும் ஒவ்வொரு சுற்றும் தானாகப் போகும் செலவு.

புதிதாக ஆட வருபவர் தோற்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். எதிரி வந்து அடிப்பதற்கு முன்பே அவருடைய நாடு நின்றுபோயிருக்கும். படை இருக்கும், கட்டடம் இருக்கும், ஆனால் எந்த ஊரிலும் எதுவும் கட்டி முடியாது, ஆராய்ச்சி நகராது. காரணத்தைத் தேடிப் போனால் எல்லா வழியும் அப்கீப்பில் வந்து நிற்கும். அந்தச் சொல்லைத் தமிழில் படிக்கும்போதே அதன் இயக்கம் புரிய வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

முதலில் அது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஓர் ஊர் சுற்றுக்கு 5 உற்பத்தி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊர் இரண்டு படைகளைத் தாங்குகிறது, ஒவ்வொன்றுக்கும் 1. இந்த 2 அலகும் ஊரின் கட்டுமான வேலைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடும். கைக்கு வருவது 3. புதிய ஊர் அமைக்கும் குடியேறிகளை உருவாக்க 30 உற்பத்தி வேண்டும். படைகள் இல்லாவிட்டால் 6 சுற்றில் முடிந்திருக்கும் வேலை, இப்போது 10 சுற்று இழுக்கும். அந்த 4 சுற்றுத் தாமதம் புதிய ஊர் பிறப்பதைத் தள்ளிப்போடுகிறது, அந்த ஊரிலிருந்து கிளம்பியிருக்க வேண்டிய அடுத்த ஊரையும் தள்ளிப்போடுகிறது. தொடக்கத்தில் அவசரப்பட்டு எடுத்த இரண்டு படைகளின் விலை இவ்வளவு. ஆனால் திரையில் எந்த எச்சரிக்கையும் வராது.

இதே வேலை வேறு பொருள்களிலும் நடக்கிறது. கட்டடங்களுக்குத் தங்கம் போகும். குடியேறிகளுக்கு அவர்களுடைய சொந்த ஊரின் உணவு போகும். இவற்றைக் கொடுக்க முடியாமல் போனால் ஆட்டம் கடன் தராது. உற்பத்தி போதவில்லை என்றால் படை கலைக்கப்படும், கருவூலம் காலியானால் கட்டடம் தானாக விற்கப்படும். சில விதித்தொகுப்புகளில் கற்ற அறிவுக்கே அப்கீப் உண்டு: ஏற்கெனவே கண்டறிந்த நுட்பங்களைத் தக்கவைக்க ஒவ்வொரு சுற்றும் ஆராய்ச்சியிலிருந்து ஒரு பகுதி கழிக்கப்படும்.

இப்போது ‘பராமரிப்புச் செலவு’க்கு வருவோம். குழுவில் பெரும்பாலோர் ஆதரித்த சொல் இதுதான், அகராதிப்படி தவறும் இல்லை. ஆனால் தமிழில் பராமரிப்பு என்றால் நாம் நினைப்பது என்ன? பழுது பார்ப்பது, எண்ணெய் போடுவது, வெள்ளையடிப்பது. செய்ய வேண்டிய நேரத்தில் நாமே முடிவெடுத்துச் செய்யும் செலவு, கையில் பணம் இல்லாவிட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடக்கூடிய செலவு. அப்கீப்பைத் தள்ளிப்போட முடியாது. படை சண்டைக்கே போகாமல் கோட்டைக்குள் தூங்கினாலும் அது போகும். ‘இந்தப் படைக்கு அடியே படவில்லை, பிறகு எதற்குப் பராமரிப்பு’ என்று ஒரு பிள்ளை கேட்டால், தவறு பிள்ளையுடையது ஆகாது. கற்ற அறிவைப் ‘பராமரிப்பது’ என்பதோ இன்னும் குழப்பம்.

‘பேணல்’ அழகான சொல், ஆனால் இதே சிக்கல் அதற்கும் உண்டு. ‘படி’ என்று ஒருவர் சொன்னார். பஞ்சப்படி, பயணப்படி என்று நம் காதில் விழுவதெல்லாம் வாங்கும் பணம், இங்கே வேண்டியது போகும் பணம். ‘கழிவு’ நெருங்கி வருகிறது. இலங்கை நண்பர்களுக்கு விலைக்கழிவு என்றால் உடனே புரியும். ஆனால் இந்த ஆட்டத்தில் இன்னொரு கருத்து இருக்கிறது: தலைநகரிலிருந்து தொலைவாக உள்ள ஊர்களில் விளைவின் ஒரு பகுதி வீணாகிப்போகும். அதைக் ‘கழிவு’ என்று வைப்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் ஊர்த் திரையைப் படிக்கவே முடியாது.

நான் முன்வைக்கும் சொல் ‘பிடித்தம்’. சம்பளச் சீட்டில் இருக்கிறதே, அதே பிடித்தம். சேமநல நிதிப் பிடித்தம், வருமான வரிப் பிடித்தம். மாதச் சம்பளக்காரர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பணம் கைக்கு வருவதற்கு முன்பே எடுக்கப்படுகிறது, நம்மைக் கேட்பதில்லை, மாதாமாதம் நடக்கிறது. அப்கீப்பின் மூன்று இயல்புகளும் அதில் அப்படியே இருக்கின்றன. ‘பிடித்தம் போக எவ்வளவு?’ என்ற பேச்சும் ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு. புதிதாக ஆடுபவர் ஒவ்வொரு ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

சொல் கிளைவிடவும் செய்கிறது. படைப் பிடித்தம், கட்டடப் பிடித்தம், உணவுப் பிடித்தம், அறிவுப் பிடித்தம். சர்ப்ளஸ் என்பதற்கு ‘பிடித்தம் போக மிச்சம்’, இடம் குறைவான இடங்களில் வெறும் ‘மிச்சம்’. இன்னொரு ஆட்டத்தில் வைத்துப் பார்த்தேன். வெஸ்னாத் ஆட்டத்தில் அடிப்படை வரவு சுற்றுக்கு 2 தங்கம். ஊருக்கு 1 தங்கம் தரும் களத்தில் உங்களிடம் 5 ஊர்கள் இருந்தால் மொத்தம் 7. படைகளின் நிலைகளை (லெவல்) கூட்டினால் 8 வருகிறது என்று வையுங்கள். ஊர் ஒன்றுக்கு ஒரு நிலை வீதம் 5 நிலைகளை ஊர்களே தாங்கிவிடும், மிச்சமுள்ள 3 பிடித்தம், கைக்கு வருவது 4. அங்கே சில படைவீரர்களுக்கு ‘விசுவாசி’ என்ற பண்பு உண்டு, அவர்களுக்கு அப்கீப் கிடையாது. ‘விசுவாசிக்குப் பிடித்தம் இல்லை’ என்று எழுதினால் போதும், விளக்கமே தேவையில்லை.

ஆராய்ச்சிப் பக்கத்துக்கும் இந்தச் சொல் உதவுகிறது. நூலகம் கட்டினால் ஊரின் ஆராய்ச்சி பாதியளவு கூடும் என்று படித்தவுடன் எல்லா ஊரிலும் நூலகம் கட்டத் தோன்றும். ஊர் தருவதே 2 அலகு என்றால் கூடுவது 1. அந்த ஒன்றுக்காகச் சுற்றுக்கு 1 தங்கம் பிடித்தம் என்றால், அது இப்போது தேவையா? 8 அலகு தரும் ஊரில் கூடுவது 4, பிடித்தம் அதே 1. முதலில் எங்கே கட்டுவது என்பது கேட்காமலே தெரிந்துவிடும். கையேட்டில் இந்தக் கணக்கை ‘பராமரிப்புச் செலவு’ போட்டு எழுதிப் பார்த்தேன், ஒவ்வொரு வாக்கியமும் நீண்டது. ‘பிடித்தம்’ போட்டதும் பேச்சுப் போல வந்தது.

இதோடு சேர்ந்த இன்னொன்று: டாக்ஸ் ரேட் என்பதை ‘வரி விகிதம்’ என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆட்டத்தில் அங்கே நடப்பது வரி விதிப்பே இல்லை. ஊர்களின் வணிக வரவை வரி, சொகுசு, அறிவியல் என்று மூன்றாகப் பிரிக்கிறோம், மூன்றும் சேர்ந்து 100, பத்துப் பத்தாக மாற்றலாம். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதை அரசுமுறை தீர்மானிக்கும்: கிளாசிக் விதித்தொகுப்பில் தனியாட்சியில் 60, முடியாட்சியில் 70, குடியரசில் 80, மக்களாட்சியில் 90. ‘வரி விகிதம்’ என்றால் கூட்டினால் மக்கள் கொதிப்பார்கள் என்று பயந்து, கருவூலம் வற்றும்போதும் அதைத் தொடாமல் விடுவார்கள். ‘வணிகப் பங்கீடு’ என்று வைத்தால் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

ஆராய்ச்சி அலகை ஆட்டம் பல்ப் என்கிறது. ‘பல்பு வாங்குவது’ என்றால் நம் ஊரில் வேறு பொருள், ஆகவே அப்படியே எடுக்க முடியாது. ‘சுடர்’ என்று வைத்திருக்கிறேன். வேறு நல்லது இருந்தால் சொல்லுங்கள், இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

அன்புடன்.

*

மறுமொழிகளுக்கு நன்றி. இரண்டு எதிர்ப்புகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

பிடித்தம் என்றால் விருப்பம் என்றும் பொருள் வருமே என்பது ஒன்று. வரும். ‘அவனுக்கு அதில் பிடித்தம் இல்லை’ என்கிறோம். ஆனால் ஆட்டத்தில் இந்தச் சொல்லோடு எப்போதும் ஓர் எண் நிற்கும், அல்லது படை, கட்டடம் என்று முன்னொட்டு நிற்கும். ‘படைப் பிடித்தம்: 2’ என்பதை விருப்பம் என்று யாரும் படிக்கப்போவதில்லை.

இரண்டாவது எதிர்ப்பு வலுவானது. போர் ஆட்டத்தில் ‘பிடிப்பது’ என்றால் ஊரைப் பிடிப்பது, ஆளைப் பிடிப்பது. ‘இந்த ஊரில் 3 பிடிக்கப்பட்டது’ என்று செய்தி வந்தால் என்ன நினைப்பது? இதற்கு நான் சொல்லும் வழி: ‘பிடி’ என்ற வினையை இந்தப் பொருளில் எங்கும் பயன்படுத்த வேண்டாம். பெயர்ச்சொல்லாகப் ‘பிடித்தம்’ மட்டும் இருக்கட்டும், வினை தேவைப்படும் இடத்தில் ‘பிடித்தமாகப் போகும்’ என்று எழுதலாம். ஊர்களுக்குக் ‘கைப்பற்று’ என்பதையே எல்லா இடத்திலும் வைத்துக்கொள்வோம், அந்தச் சொல் நம் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது.

சம்பளச் சீட்டைப் பார்த்திராத பிள்ளைக்கு என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். கூலி வேலையிலும் முன்பணத்துக்குப் பிடித்தம் உண்டு. எல்லாருக்கும் ஒரே அளவு தெரிந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ‘பராமரிப்பு’ தரும் தவறான படத்தை இது தராது. எனக்கு அதுவே போதுமான காரணம்.

ஹோம் சிட்டிக்கு இன்னும் சொல் அமையவில்லை. எந்த ஊரின் உற்பத்தியில் படைப் பிடித்தம் போகிறதோ அந்த ஊர். ‘தாய் ஊர்’ என்றால் பிறந்த ஊர் என்று ஆகிவிடுகிறது, ஆனால் ஆட்டத்தில் படையை வேறு ஊருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியும். ‘தாங்கும் ஊர்’ என்பது வரை வந்திருக்கிறேன். அடுத்த வாரம் அந்த அதிகாரத்தை அனுப்புகிறேன், அதற்குள் உங்கள் பரிந்துரைகளை வாக்கியத்தில் வைத்து எழுதி அனுப்புங்கள். தனிச்சொல்லாக அனுப்பினால் ஊர்த் திரையில் பொருந்துமா என்று பார்க்க முடிவதில்லை.

அன்புடன்.